நான் அழித்த மூன்றாவது ஓட்டம்

மலையடிவாரத்தில், கார்களின் எஞ்சின் சக்தியை அளந்து பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். காலையில் மலைமேல் இருக்கும் நாகலூரிலிருந்து பஸ்ஸில் இறங்கி, சாயங்காலம் ஏறிப்போவேன். எங்களிடம் டைனோ மெஷின் இருக்கிறது. தரையில் பதித்த உருளைகள் மேல் காரின் சக்கரங்களை நிறுத்தி, பட்டைகளால் இழுத்துக் கட்டி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்பது கம்ப்யூட்டர் திரையில் கோடாக ஏறும். அந்தக் கோட்டைப் படிப்பதுதான் என் வேலை.

போன வருடம் மழை ஓய்ந்த சமயத்தில், மேலே காபி எஸ்டேட் வைத்திருக்கும் ஒருவர் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அறுபதை நெருங்கும் வயது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் டர்போ வண்டி, பழையதாக வாங்கியது.

"தம்பி, மலை ஏறயில சில நேரம் பின்னால யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிருது. ரெண்டு எடத்துல காட்டிட்டேன், ஒண்ணுமில்லைங்கறாங்க."

ஐந்து முறை ஓட்டினேன். முதல் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. மூன்றாவது, பாதி ஏறியதும் சரிந்தது. உருளையில் டயர் வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் மெஷினில் அது அடிக்கடி நடப்பதுதான். பட்டைகளை இறுக்கினேன். அதுவரை மூடியிருந்த பானெட்டைத் திறந்துவிட்டு, பெரிய ஃபேனை எஞ்சினுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து ஓட்டிய இரண்டும் முதல் இரண்டோடு ஒத்துப்போயின.

மூன்றாவதைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். அதைக் காட்டினால் அவர் கேள்வி கேட்பார், உட்கார வைத்து விளக்க வேண்டும். எனக்குப் பசி. மற்ற நான்கையும் அச்செடுத்துக் கொடுத்து, "வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க சார்" என்றேன். நிம்மதியாகப் போனார்.

மூன்று வாரம் கழித்து, கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்கு மேலே, லாரியைத் தாண்டும்போது அந்தக் கார் எதிரில் வந்த மொபெட்டில் மோதியது. மொபெட்டை ஓட்டி வந்தவர் செம்மநத்தத்து விவசாயி. கொய்யாப்பழ மூட்டையோடு கீழே வந்துகொண்டிருந்தார். வலது காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பஸ்ஸில் இதே பேச்சு. "அந்த மாதிரி வண்டிய வெச்சுக்கிட்டு மலையில பறந்தா வேற என்ன ஆகும்?" என்று நானும் சொன்னேன். சொன்னவன், கோட்டை அழித்த அதே நான்தான்.

இரண்டு மாதம் கழித்துக் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட்காரர் வந்தார். ஒரு பக்க விளக்கும் மட்கார்டும் போயிருந்தன. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் பாதியாக இளைத்திருந்தார்.

"லாரியத் தாண்டறப்ப இழுவையே இல்லாமப் போச்சு தம்பி. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. யாரும் நம்ப மாட்டீங்கறாங்க. நீ குடுத்த சீட்டு கார்லயே கெடந்துச்சு. அதையே போலீஸ்காரங்க எடுத்து வெச்சுக்கிட்டு, வண்டியில கொறையில்லை, வேகம்தான் காரணம்னு எழுதிட்டாங்க."

அன்றைக்குப் பானெட்டைத் திறந்து ஃபேனையும் வைத்து எத்தனை முறை ஓட்டியும் கோடு சரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். கடைசியில் காரை விட்டுவிட்டு பஸ் ஏறப் போனார். அவரை நான் நம்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அழித்த கோடு ராத்திரியெல்லாம் கண்ணில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை செம்மநத்தம் போனேன். அடிபட்டவர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காரைச் சோதித்துப் பார்ப்பவன் என்றேன். அந்த அம்மா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"வேகம், வேகம்ங்கறாங்க. வேகம் எங்கீங்க இருந்துச்சு?" என்றார் கட்டிலில் இருந்தவர். "லாரிக்குப் பக்கத்துல வந்ததும் காரு சத்தம் அமுங்கிப்போயி முக்குச்சுங்க. வேகம் இருந்திருந்தா லாரியத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்குமுங்க. நான் எங்கீங்க ஒதுங்கறது? இந்தப் பக்கம் பள்ளம்."

"இத போலீஸ்ல சொன்னீங்களா?"

"ஆஸ்பத்திரியில பாதி மயக்கத்துல கெடக்கயில வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. யாருங்க கேட்டாங்க?" பிறகு, "நொம்ப கொடி இருக்குதுங்க எனக்கு. மொளகு பறிக்க மரம் ஏறோணும்" என்று சொல்லிவிட்டு, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

திங்கட்கிழமை, மலைச்சாலையில் எப்படி ஓடுமோ அப்படி ஓட்டினேன். ஃபேன் இல்லை. பானெட்டை இறக்கி மூடினேன். உள்ளே ஒரு பழைய போனைக் கம்பியால் கட்டி, டார்ச்சோடு வீடியோவை ஓட விட்டிருந்தேன். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, நான்காவது ஓட்டத்தில் கோடு விழுந்தது. அதே இடத்தில், அதே மாதிரி.

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் குழாய்தான். எஞ்சின் பலமாக இழுக்கும்போது, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்த மாதிரி தட்டையாக ஒட்டிக்கொண்டது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மறுபடி வட்டமாக விரிந்தது. கழற்றி அறுத்துப் பார்த்தேன். உள்பக்கம் அடுக்கு பிரிந்து, சூட்டில் கொழகொழவென்று இருந்தது. பானெட் திறந்து ஃபேன் ஓடினால் அது ஆறிவிடும், குறை தெரியாது. என் கையாலேயே ஆற வைத்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எஸ்டேட்காரரை வரச்சொல்லி வீடியோவைக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

"மொதல்ல வந்தப்பவே இது காட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. "மூணாவது தடவை விழுந்துச்சுங்க சார். டயர் வழுக்குதுன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

அறுத்த குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தபடியே இருந்தார். திட்டவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டிய வெளிய எடுத்திருக்க மாட்டேனே தம்பி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அழித்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவருடைய வக்கீலிடம் கொடுத்தேன். பட்டறை முதலாளி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கேஸ் இன்னும் நடக்கிறது.

அதன் பிறகு இன்னொரு முறை செம்மநத்தம் போனேன். அடிபட்டவர் அதே கட்டிலில் இருந்தார். குழாயைப் பற்றிச் சொன்னேன், மூன்றாவது ஓட்டத்தையும் சொன்னேன். அவருக்கு முழுசாகப் புரியவில்லை. அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"ஏனுங்க, அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரிஞ்சிருக்கோணுமுங்க."

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. கட்டிலில் இருந்தவர் ஊன்றுகோலை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பஸ்ஸு வர்ற நேரமுங்க. கெளம்புங்க" என்றார்.

கிளம்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை.