மூன்று விரல் தடம்

சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லைன் வீடொன்றில் நாங்கள் வளர்ந்த காலத்தில், எனக்கும் அண்ணனுக்கும் இடையே தீராத வழக்கு ஒன்று இருந்தது. டைனோசர்களில் டைரனோசரும் ஸ்பைனோசரும் மோதினால் எது வெல்லும் என்பதே அது. முன்னது அண்ணனுடைய கட்சி. முதுகில் பாய்போல் முள்வரிசை விரித்து நீரோரம் வேட்டையாடிய பின்னது என்னுடையது. இரண்டும் வெவ்வேறு கண்டங்களில், கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளியில் வாழ்ந்தவை என்று தொலைக்காட்சியில் சொன்ன பிறகும் நாங்கள் சமாதானமாகவில்லை.

அவை இன்னும் எங்கேனும் உயிரோடு இருக்குமா என்ற ஐயத்தைத் தீர்த்துவைத்தவர், போடிமெட்டு வழியாக ஜீப் ஓட்டிய தாய்மாமா. ஓடைக்கரையில் மரம்போல் ஓங்கி நின்ற பெரணியைக் காட்டி அவர் உரைத்த நியாயம் எனக்கு மறுக்க முடியாததாகப் பட்டது.

"இது அந்தக் காலத்துச் செடின்னு ஒங்க டீச்சரே சொல்லிட்டாங்கல்ல? செடி இருந்தா அதத் திங்கிறது இருக்கும். அதத் திங்கிறதும் இருக்கும்லா?"

ஒருமுறை, நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் பிடியானை ஒன்று குட்டியோடு வந்து நின்றது. அந்த வேளை பார்த்து, அம்மாவையும் மற்றப் பெண்களையும் மறுநாள் கரையோரத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். குட்டி வைத்திருக்கும் யானை யாரையும் விடாது என்று அம்மா முறையிட்டதற்கு, "இந்த மலையில ஆனை இல்லாத நாள் எதும்மா? அதுக்கெல்லாம் வேலைய நிறுத்துனா தேயில மரமாயிரும்" என்றாராம்.

அம்மா இதை அடுப்படியில் சொல்ல, மாமா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வழக்கத்தில் இல்லாத அக்கறையோடு கேட்டார்.

"பாப்பா, ஒன் ஆளுக்குக் கால்ல எத்தன வெரலு?"

"மூணு மாமா" என்று அண்ணன் முந்திக்கொண்டான். "ஆனா அது என் ஆளு."

"யாரு ஆளா இருந்தா என்னலே? அளவச் சொல்லு."

அண்ணன் இரு கைகளையும் அகல விரித்தான். அதில் பாதி போதும் என்றார் மாமா.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் பேர் கொடுத்துவிட்டுக் கரைக்கு இறங்கிய பெண்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். பள்ளி விடுமுறையாதலால் நாங்களும் ஓடினோம். ஈர மண்ணில் முறத்தளவு தடங்கள், விரல் மும்மூன்றாக, நீரை நோக்கிச் சென்றன. ஒவ்வொரு தடத்துக்குள்ளும் சாய்ந்த வரிகள் ஒழுங்காக ஓடின.

"செதில்" என்றான் அண்ணன்.

மாமாவின் ஜீப் டயரில் அதே வரிகளை நாங்கள் நாள்தோறும் பார்த்திருந்தோம். ஆயினும் எங்களுக்கு அது தோன்றவில்லை. அம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"ஆனையுமில்ல, புலியுமில்ல சார். நீங்களே வந்து பாருங்க" என்று மேலே நின்ற சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "கோழிக்கால் மாதிரில்ல இருக்கு?"

"இம்புட்டுப் பெரிய கோழின்னா, நாங்க அதக் கொழம்பு வைக்கிறதா, அது எங்கள வைக்கிறதா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

அவர் சிரிக்கவில்லை. பழகிய யானைக்கு அவரிடம் பதில் இருந்தது; பெயர் தெரியாத ஒன்றுக்கு இல்லை. யாருக்கேனும் ஏதேனும் நேர்ந்தால் மேலிடத்தில் என்னவென்று சொல்வது? கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, வனத்துறையினர் வந்து பார்க்கும்வரை கரைப்பக்கம் எவரும் இறங்கக் கூடாது என்று சொல்லி, பெண்களை மேட்டுத் தோட்டத்துக்கு அனுப்பினார்.

நண்பகலில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனோம். மேட்டிலிருந்து கரை முழுவதும் தெரிந்தது. பெண்கள் அன்று குனிந்து நின்றிருக்க வேண்டிய அதே தேயிலை வரிசைகளுக்குள்ளிருந்து பிடியானை வெளிப்பட்டது. அதன் கால்களுக்கிடையே குட்டி. அம்மா என் தோளை இறுகப் பற்றினாள். வலிக்கிறது என்று நெளிந்தேன், அவள் விடவில்லை.

எனக்கோ எரிச்சலாக இருந்தது. தடங்கள் நீருக்குள்தான் இறங்கியிருந்தன. ஆகவே வந்தது ஸ்பைனோசர். வழக்கில் வென்றவள் நான். அதை அண்ணன் கண்ணாரக் காணவேண்டிய நேரத்தில், இந்த யானை குறுக்கே நின்று நீரை மறைத்துக்கொண்டிருந்தது.

"அத வெலகச் சொல்லும்மா" என்றேன்.