ஓடாத ஒரு சீடி

யுத்த காலத்தில் நான் கண்டியில் வீடு வீடாகப் போய்க் கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஒருவர் கூப்பிட்டார். மெலிந்த மனிதர். வீட்டுக்குள்ளேயும் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கொரு தடவை தொட்டுப் பார்ப்பார்.

அலுமாரி நிறையக் கனடா போன மகன் சேர்த்த தமிழ்ப் பட சீடிகள். எதைப் போட்டாலும் சத்தம்தான் வந்தது, படம் வரவில்லை. வேண்டிய மென்பொருளை ஏற்றினேன். படம் தெரிந்தது. பத்து விநாடி பார்த்துவிட்டு, அடுத்ததைப் போடச் சொன்னார். இப்படியே நாற்பது சீடி. எனக்கு அலுத்துப்போனது.

"ஒன்னையாவது முழுசா பாருங்க ஐயா."

"பாக்கிறதுக்கில்லை, தம்பி. ஆமி செக்கிங் வந்தா ஒவ்வொண்டாப் போட்டுக் காட்டச் சொல்லுவினம். ஓடாட்டி, உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"அப்ப வீசிடுங்களேன்."

"மகன் வந்தாக் கேப்பான்."

கடைசி சீடி மட்டும் ஓடவே இல்லை. அதை என் கையில் தந்தார்.

"இதை நீங்களே கொண்டுபோங்கோ."

பிலிமத்தலாவைக்குப் பஸ் ஏறினேன். வழியில் பேராதனையில் இராணுவத்தினர் சோதனைக்காக எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றபோதுதான் பையிலிருந்த சீடி நினைவுக்கு வந்தது. என் பெயரும் தமிழ்ப் பெயர்தானே.

தெரிந்துதான் தந்தாரா, களைப்பில் தந்தாரா, இன்றும் எனக்கு விளங்கவில்லை. அன்று என் கை மட்டும் தானாகச் சட்டைப் பைக்குப் போய், அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தது.