கம்ப்ரசர் விற்பவள் சொன்னால் கேட்பதில்லை

ஏர் கம்ப்ரசர் விற்பது என்பது, வாங்க வருகிறவர் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்த தப்பை அவர் மனம் நோகாமல் திருத்துகிற வேலை. தருமபுரியில் ஒரு டூல்ஸ் கடை கவுண்டரில் ஏழு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். எந்தக் கவுண்டருக்குப் பின்னாலாவது நின்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். நீங்கள் பெண்ணாகவும் இருந்துவிட்டால் நான் சொல்லவே வேண்டியதில்லை.

கடையில் யாரும் இல்லை

பொம்மிடியிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டிலேயே மரவேலை செய்கிறாராம். என்னை நேருக்கு நேர் பார்த்து, "கடையில யாரும் இல்லீங்களா?" என்றார். நான் என்ன காலண்டரா? பல்லைக் கடித்துக்கொண்டு, என்ன டூல் ஓட்டப் போகிறீர்கள், விடாமல் எவ்வளவு நேரம் ஓடும், வீட்டில் என்ன பிளக் என்று கேட்டேன். நான் எல்லாரிடமும் கேட்கிற மூன்று கேள்விகள் இவை. சின்ன ஆணி அடிக்கும் கன் மட்டும்தான் என்றார். அதற்கு ஒரு ஹெச்பி, இருபத்தைந்து லிட்டர் டேங்க் தாராளம், பெரிசு வேண்டாம் என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி கழித்து முதலாளி கரீம் பாய் தொழுகை முடிந்து வந்து, நான் சொன்னதையே ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். வந்தவர் உடனே எழுந்து பையைத் திறந்தார்.

"பாய் சொன்னாத்தாங்க தெளிவா இருக்குது."

போர்க் கம்ப்ரசர்

காரிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், புது வீட்டு இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஸ்ப்ரே கன் மட்டும் கேட்டார். கம்ப்ரசர் இருக்கிறதா என்றேன். "போர்ல மாட்டினது சும்மாதான் கெடக்குதுங்க, தண்ணி வத்திப்போச்சு" என்றார். போர்க்குழிக்குள் காற்றைவிட்டுத் தண்ணீரை மேலே தள்ளுகிற கம்ப்ரசர் அது. காற்றோடு எண்ணெயும் துளித்துளியாக வரும். சேர்த்துவைக்க டேங்க் கிடையாது. கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தால் பாழாகிவிடும் என்று இரண்டு தடவை சொன்னேன். சிரித்துக்கொண்டே கன்னை வாங்கிப் போனார்.

பத்தாம் நாள் போனில் படத்தோடு வந்தார். புது வீட்டு கேட் முழுக்க அம்மை போட்டதுபோல் குழி குழியாக இருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக முதலாளியிடம் போய் என்மேல் புகார் சொன்னார்.

"அந்தம்மா இன்னுங் கொஞ்சம் கோவமா சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனுங்க."

ஒரு மாசம் பார்க்கலாம்

மறுநாள் முதலாளி செந்தில் என்பவரைக் கூட்டிவந்தார். பைக் ஷோரூமில் இருந்தவர். முப்பது வயது, நல்ல குரல். செந்தில் கவுண்டரில் நிற்கட்டும், நீ பில் போடு, ஒரு மாசம் பார்த்துவிட்டு கவுண்டர் யாருக்கென்று முடிவு செய்யலாம் என்றார். ஏழு வருஷம் நின்று கற்றுக்கொண்ட இடம் அது. அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அழுதேன். நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம்தான் இன்னும் ஆறவில்லை.

"நீ கேக்கற கேள்விக்குப் பயந்துகிட்டே பாதிப் பேரு எதிர்க் கடைக்குப் போறாங்கம்மா."

பெரிசு கேட்டார், பெரிசு கொடுத்தேன்

செந்தில் கேள்வியே கேட்கவில்லை. வீட்டில் இரும்பு தேய்க்கக் காற்றில் ஓடும் கிரைண்டர் வைத்திருந்த ஒருவருக்கு, ஒரு ஹெச்பி பம்ப்பில் நூறு லிட்டர் டேங்க்கைத் தலையில் கட்டிவிட்டார். டேங்க் காற்றைச் சேர்த்துத்தான் வைக்கும், உண்டாக்குவது பம்ப். கிரைண்டரோ விடாமல் காற்றைக் குடிக்கும். டேங்க் நிறைந்திருந்தவரை ஓடிவிட்டு அதன்பிறகு மூச்சு வாங்கியிருக்கிறது. அவர் கடைக்கே வந்து கத்தினார். இதற்கேற்ற பம்ப்பை உங்கள் வீட்டு லைன் தாங்காது, கரண்டில் ஓடும் கிரைண்டரே போதும் என்று பில் மேஜையிலிருந்து நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

"அக்கா, அவரு பெருசு வேணும்னாரு, குடுத்தேன். இதுல என் தப்பு என்னக்கா?"

மாசக் கடைசி

அதற்குப் பிறகு செந்தில் உஷாராகிவிட்டார். யார் எதைக் கேட்டாலும் என் பக்கம் திரும்புவார். நான் மெதுவாகச் சொல்வேன்; அவர் அதையே உரக்கச் சொல்வார். வந்தவர்களும் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போவார்கள். செந்தில் நன்றாகத் தேறிவிட்டார் என்று முதலாளிக்கு ஒரே பூரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாசத்தின் கடைசி நாள், முதலாளியும் கடையில் இருந்தார். வீட்டில் சோபா வேலை செய்யும் ஓர் அம்மா வந்து, ஸ்டேப்ளர், ஸ்ப்ரே கன் இரண்டுக்கும் ஒரே கம்ப்ரசர் போதுமா என்று கேட்டார். ஸ்டேப்ளருக்கு விட்டு விட்டுக் கொஞ்சம் காற்று போதும். ஸ்ப்ரேவுக்குத் தொடர்ந்து வேண்டும். அதனால் ஸ்ப்ரேயை வைத்துத்தான் வாங்க வேண்டும். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. செந்தில் என்னைப் பார்த்தார். நான் பில் மிஷினுக்குப் பேப்பர் ரோல் மாற்றினேன். மறுபடி பார்த்தார். ரோலை இன்னொரு தடவை கழற்றி மாட்டினேன். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"ஏம்ப்பா தம்பி, நானும் பாக்கறேன், என்ன கேட்டாலும் நீ அந்தப் பொண்ணு மூஞ்சியத்தான் பாக்கற. நான் அவங்ககிட்டயே கேட்டுக்கறேன், நீ கொஞ்சம் நவுரு."

மறுநாளே கவுண்டர் எனக்குத் திரும்பி வந்தது. வருஷக்கணக்காகப் பேசியும் ஏறாத விஷயம், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.