வெள்ளியைச் சுட்டவன்

பக்கிரியின் கைக்குப் பயப்படாதவர்கள் விருத்தாசலத்தில் கொஞ்சப் பேர்தான். பீங்கான் சூளைக்குக் கரி அள்ளிப் போட்டுக் காய்த்துப்போன கை. டீக்கடையில் எவனாவது, "வெள்ளியச் சுட்ட கதையச் சொல்லுண்ணே" என்று வாயைக் கொடுத்தால் போதும், பல் தரையில் கிடக்கும். அபராதம் கட்டினான், ஜெயிலுக்கும் போய்வந்தான். திருந்தினானா? எங்கே!

ஆனால் அவன் கோபம் வெறும் முரட்டுக் கோபமில்லை. அறுபத்தாறில் பக்கிரியும் கம்மாபுரத்துக் காத்தவராயனும் பட்டாளத்தில் பாகிஸ்தான் எல்லைக் காவலுக்கு நின்றார்கள். விடியப்போகிற நேரம். மேற்கேயிருந்து சத்தமே இல்லாமல் ஒரு வெளிச்சம் வந்து, வெடிமருந்துக் கொட்டகைக்கு மேலே அசையாமல் நின்றது. காத்தவராயன் சுட்டான். வெளிச்சம் விருட்டென்று கீழே இறங்கியது, கொட்டகை வெடித்தது. கூட்டாளியின் தலையும் ஒரு தோளும்தான் பக்கிரிக்குக் கிடைத்தன.

மேலிடம் விசாரித்தது. சிப்பாய் விடிவெள்ளியைப் பார்த்து மிரண்டு சுட்டான், குண்டு தவறிக் கொட்டகையில் பட்டது, தீர்ந்தது விஷயம். விடிவெள்ளி கிழக்கே முளைக்கும் என்பது அத்தனை பெரிய மனிதர்களுக்கும் மறந்துபோயிற்று போலிருக்கிறது. "வெள்ளி பாத்து ஏர் பூட்டுனவன் சார் அவன்!" என்று பக்கிரி கத்தினான். முதுகுத் தோலை உரித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதிலிருந்து காத்தவராயனின் தாய் பூவாயிக்கு அவன்தான் பிள்ளை. லீவு நாளில் கம்மாபுரத்துக்கு பஸ் ஏறிவிடுவான். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"எம்மவன் பயந்தாங்கொள்ளி இல்லியே, தம்பி?"

"சத்தியமா இல்ல யம்மா."

அது என்ன வெளிச்சம் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குத் தெரியாது.

எழுபத்தொன்றில் மறுபடி சண்டை வந்தது. விருத்தாசலம் கடைத்தெருவில் மேடை போட்டு, வெளியூர் அதிகாரி ஒருவர் பேசினார். வானத்தைப் பார்த்து யாரும் பீதியடையக் கூடாதாம். "ஒங்க பக்கத்து சிப்பாய் ஒருத்தன் வெள்ளியப் பாத்து நடுங்கிப்போய்ச் சுட்டு, தானும் செத்தான்" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அவனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த பூவாயி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டதைப் பக்கிரி பார்த்தான். அதிகாரிக்குப் பரிசாகக் கொடுக்க வைத்திருந்த பீங்கான் ஜாடி அவர் மண்டையிலேயே உடைந்தது.

ஸ்டேஷனில் ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள்.

"வெள்ளிதான்னு சொல்லுடா, வுட்டுடுறோம்."

"இல்ல."

முன்பற்கள் போயின. விரல்களை பூட்ஸ் காலால் நசுக்கினார்கள். ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும், "இல்ல" என்றான். ஏட்டு அவன் நெஞ்சுக்கு லத்தியை ஓங்கினார். இன்னொரு அடிக்கு ஆள் தாங்கமாட்டான் என்று வாசலில் நின்ற பூவாயிக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஓடிவந்து ஏட்டின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வெள்ளிதாங்க, சாமி. எம்மவன் பயந்துதான் சுட்டான். பெத்தவ நான் சொல்றேன், இவன வுட்டுடுங்க."

அத்தனை அடிக்கும் அழாத பக்கிரி, "சொல்லாத யம்மா, சொல்லாத" என்று தரையில் கிடந்து கதறினான்.