பலா மரத்தடிக் குழி

கொல்லயில் என்ற ஊரில் ஒரு பழைய பாறைக்குவாரியை மண் போட்டு மூடியிருந்தார்கள். அங்கே இனி பயிர் விளையுமா என்று பார்க்க மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். காவல்காரர் ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தோள்துண்டை உதறி மடித்துக்கொள்வார். பலா மரத்தடியில் எனக்கு நாற்காலி போட்டு, பக்கத்தில் குழியும் வெட்டி வைத்திருந்தார்.

"எல்லா சாரும் இங்கதான் எடுப்பாவ. நல்ல மண்ணாக்கும்."

தோண்டும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும் என்றேன். துண்டை உதறினார்.

"அப்பம் கல்லுதான் கிட்டும் சாரே. நல்ல மண்ணு ரெண்டு லோடுதான் வந்துது. ரெண்டையும் இந்தப் பலா மூட்டுல தட்டச் சொன்னாவ, குவாரி முதலாளி."

சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். சீட்டில் விழுந்த எட்டு இடங்களிலும் ஒரு சாண் ஆழத்தில் கல் இடித்தது. சாட்சிக் கையெழுத்தும் தயங்காமல் போட்டார்.

"முதலாளி கேட்டால்?"

"சீட்டு அப்படி விழுந்துதுன்னு சொல்லுவேன்."

நான் கிளம்புவதற்குள் எட்டுக் குழிகளையும் மூடிவிட்டார். பலா மரத்தடிக் குழி மட்டும் திறந்தே இருந்தது. ஏன் என்று கேட்டேன். துண்டை உதறி மடித்தார்.

"இனியும் வேற சாருமாரு வருவாவ இல்லியா."