வேலை இருக்கிற நாடு

டென்மார்க்கில், ஸ்கீவ என்ற ஊரில் நாங்கள் இருந்த மாடி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஐரோப்பாவைக் கூறுபோட்டு விலை பேசுவார்கள். பூசை முடிந்து வரும் எங்கள் ஆட்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்தால், எந்த நாட்டில் வேலை உண்டு, எங்கே இல்லை என்பதுதான் கதை. ஜெர்மனியில் அகதி வேலை செய்யக்கூடாது. சுவிஸில் உணவகங்கள் ஆள் தேடுகின்றன. பாரிசில் இறங்கிய மறுநாளே வேலை, விசா கேட்கமாட்டார்கள். டென்மார்க்கிலோ, வேலை கிடைத்தால் கையுறை தருவார்கள், சப்பாத்து தருவார்கள், இடையில் கோப்பி குடிக்க விடுவார்கள், தொழிற்சங்கம் வந்து நலம் விசாரிக்கும். கிடைத்தால்தானே! வேலையே பார்க்காதவர்கள் வேலையின் தரம் பேசுவதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் மட்டும் வாய் திறக்கமாட்டார். அதுதான் எனக்குப் பயம். ஊரில் வீடுகளுக்கு மின்கம்பி இழுத்துக் கொடுத்தவர். கை சும்மா இருந்தால் மனம் கெட்டுவிடும். இங்கே டேனிஷ் வகுப்பு, கொம்யூன் எனும் நகரசபை அலுவலகம், மறுபடி வகுப்பு. "முதலில் மொழி, பிறகு வேலை" என்று அலுவலகத்துப் பெண் சிரித்தபடி சொல்லுவாள். கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலைக்கு பஸ் மாறி மாறிப் போனார்; வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு வீட்டிலிருந்த குழாய், பூட்டு, றேடியோ எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினார். கழற்ற ஒன்றும் மிஞ்சாதபோது சன்னலோரம் நின்று ஸ்டேஷன் பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

அப்போது என் வயிற்றில் மூத்தவள். கீழ்வீட்டுப் பெடியன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் பாரிசுக்குப் போயிருந்தான். கொம்யூன் ஆட்கள் வந்து அவன் கதவுக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். போனவனுக்குத் திரும்ப வழியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். விடிய எழும்பினால் முதலில் பக்கத்தில் ஆள் கிடக்கிறாரா என்றுதான் தடவிப் பார்ப்பேன்.

மாசி மாதம், பாரிசிலிருந்த அவருடைய சின்னம்மாவின் மகன் வந்து கதவைத் தட்டினான். எந்தக் கடவுச்சீட்டில் வந்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த நாட்களில் அது கேட்கிற கேள்வியும் இல்லை. தோல் ஜாக்கெட், மினுங்கும் சப்பாத்து. பார்த்ததுமே நினைத்தேன்: இவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறான்.

மத்தியானம் சோறும் மீன்குழம்பும் வைத்தேன். சாப்பாட்டைப் போட்டதும் அவன் தயங்கினான்.

"அண்ணி, ஒரு கரண்டி தாங்கோ."

"ஓ, பாரிஸ் துரைக்குக் கையால சாப்பிட வெக்கமோ?" என்று இவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

அவனும் சிரித்தான். கரண்டியை இடது கையில் பிடித்தான். வலது கை ஜாக்கெட் பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது. ஹீற்றர் கொதிக்கும் வீட்டில் அவன் ஜாக்கெட்டைக் கழற்றவுமில்லை. மீன்துண்டைக் கரண்டியால் நசித்து நசித்துப் பார்த்தான். முள் வரவில்லை.

"தம்பி, கையால எடும். தொண்டையில குத்தப் போகுது" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டு வலது கையை எடுத்து மேசையில் வைத்தான். சுட்டுவிரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. வெட்டுப்பட்ட இடத்துத் தோல் இன்னும் சிவந்திருந்தது.

"இறைச்சி வெட்டுற மிசின், அண்ணி. முதலாளி ஆஸ்பத்திரி வாசலில இறக்கிப்போட்டு, ரோட்டில விழுந்தனெண்டு சொல்லச் சொன்னவன். பதிவில்லாத வேலை. நான் அங்க நிண்டனெண்டு ஆர் சாட்சி சொல்லப் போகினம்?"

"இப்ப என்ன செய்யிறீர்?"

"இந்தக் கையோட ஒருத்தரும் எடுக்கிறாங்களில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சோற்றுக் கோப்பையை என் பக்கம் இழுத்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டிருந்தபோதே எனக்குள் ஒரு நிம்மதியும் பரவியது. இவர் கண்ணால் கண்டுவிட்டார். இனிப் போகமாட்டார்.

இவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். அந்தக் கையையே பார்த்தபடி இருந்தார்.

"அப்ப," என்றார் மெதுவாக, "உன்ர இடத்துக்கு இன்னும் ஆள் போடேல்லையோ?"