பிரேக்கைத் திருப்பிப் பூட்டியது நானில்லை

பேய், முனி, ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், எங்கள் தோட்டத்துக் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களைக்கூட ஓரமாகக் கைகட்டி நின்று பார்த்தவள், அதனால் இதை எழுதுவதே எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதற்காக அல்ல. மற்றவர்களைப் போல நீங்களும் 'இவள்தான் செய்தாள், செய்துவிட்டு மறைக்கிறாள்' என்று நினைக்கப் போகிறீர்களே, அதற்காக.

எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், அம்மா மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியவர். டிப்ளோமா முடித்து, கோலா சிலாங்கூரில் ஒரு லோரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது தேவி என்று என் பெயரும் பதவியும் போட்ட, முத்திரை குத்துகிற ரப்பர் சாப்பு ஒன்று கொடுத்தார்கள். அன்றைக்கே அதை ஒரு வெள்ளைத் தாளில் குத்தி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

கம்பெனியில் ஆறு லோரிகள், தோட்டங்களிலிருந்து குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு லோரிக்கும் பிரேக், டயர், விளக்கு எல்லாம் பார்த்து, பாரம் என்கிற படிவத்தில் குறித்துச் சாப்பு குத்துவது என் வேலை. பார்த்து என்று சொல்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. போஸ், அதாவது எங்கள் முதலாளி, "எல்லாம் ஓகேலா, குத்து" என்பார், குத்துவேன். இரண்டாம் நம்பர் லோரி ஓட்டிய அந்தோணி அண்ணன் மட்டும் மூன்று மாதமாக என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, பின் பிரேக்ல லைனிங்கே இல்லம்மா. மிதிச்சா இரும்பும் இரும்பும் தேயுது. எழுதி வை."

மூன்று முறையும் எழுதினேன். மூன்று முறையும் போஸ் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டார். "லோரிய ரெண்டு நாள் நிறுத்தினா குலை யாரு ஏத்துறது, நீயா? அவனுக்கு வேலைக்கு வர சோம்பேறித்தனம்லா." நான் வேறு தாள் எடுத்து 'நன்று' என்று குறித்துச் சாப்பு குத்தினேன்.

பத்தாங் காலிப் பக்கம் ஓர் இறக்கத்தில் அந்த லோரி நிற்கவில்லை. முன்னால் மோட்டார்சைக்கிளில் போன ஒரு மனிதர் அங்கேயே இறந்துபோனார். அண்ணனுக்கு இடுப்பும் காலும் உடைந்தன. ஓட்டுநர் தூங்கிவிட்டார், பிரேக்கை மிதிக்கவே இல்லை என்று போஸ் போலீசில் சொல்லி, என் பாரங்களை ஆதாரமாகக் கொடுத்தார். லோரியை எங்கள் வொர்க்ஷாப்புக்கே இழுத்து வந்து போலீஸ் நாடா கட்டி நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்து சக்கரத்தைத் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு.

ஞாயிறு மதியம் போஸ் என்னையும், பழுது பார்க்கிற போமன் ஆறுமுகம் அங்கிளையும் வரச் சொன்னார்.

"புதுசு போட்டா பளபளன்னு காட்டிக் கொடுத்துரும். நாலாம் நம்பர்ல இருக்கிற லைனிங்க கழட்டி இதுல பூட்டு."

"அப்ப நாலாம் நம்பருக்கு?" என்றார் அங்கிள்.

"அது சும்மா நிக்கட்டும். இதுல இருக்கிற பழசு இங்க இருக்கவே கூடாது."

நான் மெதுவாக, "போஸ், இது தப்பு" என்றேன்.

"தப்புதான். பாரத்துல யாரு சாப்பு இருக்கு, என்னோடதா? மாட்டினா படிச்ச பிள்ளதான் முதல்ல உள்ள போகும்."

அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. பழைய லைனிங் கிடைத்தால் நான் மாட்டுவேன், கிடைக்காவிட்டால் அந்தோணி அண்ணன் சிறைக்குப் போவார். இதைத் தெரிந்துதான் பேசாமல் இருந்தேன். அங்கிள் ஜாக்கி வைத்து, சக்கரங்களைக் கழற்றி, மாற்றி முடிக்க நான்கு மணி நேரம் பிடித்தது. ஆணி தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோன பழைய துண்டுகளைச் சாக்கில் கட்டி வொர்க்ஷாப்புக்குப் பின்னால் ஓடும் ஆற்றில், நீர் ஏறியிருந்த நேரத்தில், வீசினோம். சாக்கின் ஒரு முனையைப் பிடித்தவள் நான்.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். ஸ்டெல்லா அக்கா, அந்தோணி அண்ணனின் மனைவி, நான்கு நாளாகத் தனியாகக் கிடந்தார். மறுநாள் காலை ஒன்பது மணிவரை அவரோடு அந்த வார்டில்தான் இருந்தேன், இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் விழித்தபோதெல்லாம் ஒன்றையே சொன்னார்.

"தங்கச்சி எழுதி வச்சிருக்குலா. மூணு தடவ எழுதிச்சு. அத காட்டினா போதும்."

"நாலு நாளா இதேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு," என்றார் அக்கா. "ஜெபம் பண்ணச் சொன்னாகூட, தேவி எழுதி வச்சிருக்குன்னுதான் ஆரம்பிக்கிறாரு."

நான் தலையாட்டினேன். அக்காவுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

பத்து மணிக்கு அதிகாரி பின் சக்கரத்தின் டிரம்மைத் திறந்தார். நம்பினால் நம்புங்கள், உள்ளேயிருந்து சொத்தென்று ஈரச் சேறு விழுந்தது. அதோடு விழுந்த ஒரு சின்ன நண்டு தரையில் ஓடி வடிகாலுக்குள் போனது. சேற்றுக்குப் பின்னால், அதே ஆணி தெரிந்த லைனிங். முந்தின நாள் என் கையால் ஆற்றில் போட்டது. கட்டிய நாடா கட்டியபடியே இருந்தது. நாலாம் நம்பர் லோரியைத் திறந்தால் அதனுடைய லைனிங் அதனிடமே, பழைய தூசியோடு, யாரும் தொட்டதற்கான அடையாளமே இல்லை.

போஸ் முகம் செத்துப்போய் என்னைத்தான் பார்த்தார். அதிகாரி பாரத்தை நீட்டி, இது உங்கள் சாப்புதானா என்று மலாயில் கேட்டார். ஆமாம், ஆனால் அதில் இருப்பது பொய் என்றேன். ஆற்றில் வீசியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். சேற்றைப் பற்றிக் கேட்டபோது மட்டும் எனக்குத் தெரியாது என்றேன். அவர் அறிக்கையில் அதை 'காரணம் தெரியவில்லை' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்.

அந்தோணி அண்ணன் மேல் வழக்கு இல்லை. போஸ் மீது நடக்கிறது, நான் சாட்சி, என் பொய்ச் சாப்புக்கு என்ன முடிவென்று இன்னும் தெரியாது. என்னைக் கோபப்படுத்துவது அதுவல்ல. தோட்டத்தில் எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளை தனியாக ஆற்றில் இறங்கி எடுத்து வந்து, நியாயத்துக்காகத் திருப்பிப் பூட்டினாளாம். நானில்லை என்றால் அடக்கம் என்கிறார்கள். தேவி என்னோடுதான் இருந்தது என்று ஸ்டெல்லா அக்கா சொன்னால், நன்றிக்காகச் சொல்கிறார் என்று சிரிக்கிறார்கள். எனக்கு இல்லாத தைரியத்தை என் தலையில் கட்டிவிட்டு, அதைக் கழற்றவும் விடமாட்டேன் என்கிறார்கள்.

ஆறுமுகம் அங்கிள் மட்டும் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பல மாதம் என் கண்ணில் படவில்லை. வொர்க்ஷாப்புக்குப் பக்கத்து அறையில் தங்கியிருந்தவர் அவர், ஏதாவது செய்திருந்தால் அவர்தான் செய்திருக்க வேண்டும் என்று நினைத்து, ஒரு மதியம் அவர் அறையைத் தேடிப் போனேன்.

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே?"

அவருக்குக் கோபம் வந்தது. "என்ன விளையாடுறியா? திங்கக்கிழம விடியுற நேரத்துல முட்டி வரைக்கும் சேறோட வந்து ஸ்பேனர் கேட்டது நீ. வேணாம்மா, போஸ் கொன்னுடுவாருன்னேன். சாப்பு குத்தினது நான்தானே அங்கிள், நானே பூட்டுறேன்னு சொன்ன. அரை மணி நேரத்துல முடிச்ச. டிரம் விளிம்புல உள்ளங்கைய கிழிச்சிக்கிட்டு நின்ன, நான்தான் கைலிய கிழிச்சுக் கட்டி விட்டேன்."

உள்ளே போய்க் கைலியை எடுத்து வந்தார். ஓரம் கிழிந்திருந்தது, கிழிந்த இடத்தில் பழுப்பாகக் காய்ந்த கறை.

"வலது கையி. ஆழமான வெட்டு, எலும்பு தெரிஞ்சிச்சு. காட்டு."

நீட்டினேன். அவர் என் உள்ளங்கையை வெயிலுக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, கட்டை விரலால் இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. மற்றக் கையையும் கேட்டார், அதையும் பார்த்தார். பிறகு சூடான இரும்பை விடுகிறவர் போல என் கையை விட்டார், இரண்டடி பின்னால் போனார், அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பட்டப்பகல் மூன்று மணி. நான் கூப்பிடக் கூப்பிட, கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மேசையை இழுத்து வைத்து அடைக்கிற சத்தம்தான் கேட்டது.